டைம்ஷேர் வாங்குவது: கட்டிய நிறுவனத்திடமா, மறுவிற்பனையிலா?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு டைம்ஷேர், அதாவது விடுமுறை ரிசார்ட் ஒன்றில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது, அறிமுகமாவது புளோரிடாவின் ஆர்லாண்டோவில்தான். தீம் பார்க் நுழைவுச்சீட்டு பாதி விலைக்குக் கிடைக்கும், காலைச் சிற்றுண்டியும் உண்டு, தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து விளக்கம் கேட்டால் போதும் என்று ஹோட்டல் வரவேற்பறையில் ஒருவர் அழைப்பார். நானும் அப்படித்தான் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கூடத்துக்குப் போனேன். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரும் உடன் வந்தார். விற்பனையாளர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எங்கள் பக்கத்திலிருந்து படிப்பதற்கு நேராக இருக்கும்படி, தம் பக்கத்திலிருந்து தலைகீழாகவே எழுதிக்கொண்டு போனார். வருடத்துக்கு ஏழு இரவு, இரவுக்கு இத்தனை டாலர், இருபது ஆண்டுக்கு இத்தனை என்று பெருக்கி வந்த தொகையை இரண்டு முறை வட்டமிட்டார். நாங்கள் வேண்டாம் என்றதும் மேலாளர் வந்தார், விலை குறைந்தது. மறுபடியும் வேண்டாம் என்றதும் வாசலருகே மூன்றாவது ஆள் இன்னும் சிறிய திட்டம் ஒன்றுடன் காத்திருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், அந்த மூன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதை நாளைக்கே விற்க வேண்டுமென்றால் என்ன விலைக்குப் போகும் மாப்பிள்ளை?” நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்கு மட்டும் அந்தக் கூடத்தில் யாரும் எண் எதையும் எழுதிக் காட்டவில்லை.

டைம்ஷேர் வாங்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். கட்டிய நிறுவனத்திடமே வாங்குவதாக முடிவு செய்திருந்தாலும், அதே ரிசார்ட்டின் மறுவிற்பனை விலையை, அதாவது முன்பே வாங்கியவர்கள் தம் பங்கை விற்கும் விலையைப் பார்க்காமல் விற்பனைக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் இரண்டு விலைக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைக் கொடுத்து நீங்கள் வாங்குவது அறையை அல்ல. அறையோடு சேர்த்துத் தரப்படும் சில சலுகைகளையும், விற்பனைக்கு ஆன செலவையும்தான். அந்தச் சலுகைகள் உங்களுக்கு அத்தனை பெறுமா என்பதே கேள்வி.

எல்லா நிறுவனங்களின் விதியும் ஒன்றல்ல. ஆகவே ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷேர் திட்டமான, 1991-இல் தொடங்கிய டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் மறுவிற்பனைச் சந்தை உயிரோட்டமாக இருக்கிறது, விதிகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அதை வைத்துப் பழகினால் மற்றவற்றையும் எடைபோடத் தெரிந்துவிடும்.

என்ன வாங்குகிறோம்

இங்கே விற்கப்படுவது ஒரு குறிப்பிட்ட ரிசார்ட்டில் குறிப்பிட்ட ஆண்டு வரை செல்லும் குத்தகை உரிமையின் ஒரு சிறு பங்கு. அதற்குப் பத்திரம் உண்டு. அது மாவட்டப் பதிவேட்டில் பதிவாகிறது. ஆண்டுதோறும் அந்தப் பங்குக்கு இத்தனை பாயின்ட் என்று வரவு வைக்கப்படும். அறையின் அளவு, பருவம், எத்தனை இரவு என்பவற்றைப் பொறுத்துப் பாயின்ட் கழியும். பத்திரம் எந்த ரிசார்ட்டின் பெயரில் இருக்கிறதோ அங்கே 11 மாதத்துக்கு முன்பே அறை பதிவு செய்யலாம். கிளப்பின் மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதத்துக்கு முன்புதான் முடியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போக நினைக்கும் பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த நான்கு மாத வித்தியாசம் மிகப் பெரியது. தங்க விரும்பும் இடத்திலேயே வாங்குங்கள் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வது இதனால்தான்.

முடிவு ஆண்டு ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். போர்ட்வாக், பீச் கிளப், வீரோ பீச், ஹில்டன் ஹெட் ஆகியவை 2042 ஜனவரியோடு முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை, பே லேக் டவர் 2060 வரை, பாலினீஷியன் 2066 வரை, ரிவியேரா 2070 வரை. முடிந்த பிறகு உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. இதை வீடு வாங்குவதுபோல் முதலீடு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்; இது பல ஆண்டு வாடகையை முன்கூட்டிக் கட்டுவதற்குச் சமம்.

விலைக் கணக்கு

கணக்குக்காக வசதியான எண்களை எடுத்துக்கொள்வோம்; வாங்கும் நாளின் உண்மையான விலையை நீங்கள்தான் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பருவங்களில் ஒரு ஸ்டுடியோ அறையில் ஒரு வாரம் தங்க 160 பாயின்ட் போதும் என்று வைப்போம். 2070 வரை செல்லும் புது ரிசார்ட்டில் நிறுவனத்திடம் பாயின்ட் 230 டாலர் என்றால் 36,800 டாலர் ஆகிறது. 2054-இல் முடியும் ரிசார்ட்டில் மறுவிற்பனையில் பாயின்ட் 110 டாலர் என்றால் 17,600 டாலர். பாதிக்கும் குறைவு என்று மகிழ்வதற்கு முன் ஆண்டுக்கணக்காக வகுத்துப் பாருங்கள். முதலாவதில் சுமார் 44 ஆண்டு மீதம் இருக்கிறது, ஆகவே ஆண்டுக்கு 836 டாலர். இரண்டாவதில் சுமார் 28 ஆண்டு, ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 629 டாலர். வித்தியாசம் பார்வைக்குத் தெரிந்த அளவு பெரிதல்ல. ஆனால் இந்த வகுத்தலிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது: இன்று நாற்பது வயதில் இருப்பவர் 2070-இல் எண்பதைத் தாண்டியிருப்பார். கடைசிப் பதினைந்து ஆண்டுகளைத் தாம் உண்மையில் பயன்படுத்துவோமா, பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்குமா என்று கேட்டுக்கொண்ட பிறகே அந்த ஆண்டுகளுக்கு மதிப்புப் போட வேண்டும்.

கடன் வாங்கினால் கணக்கு முற்றிலும் தடம் புரண்டுவிடும். விற்பனைக் கூடத்திலேயே கடன் ஏற்பாடு செய்து தருவார்கள். வீட்டுக் கடனைவிட வட்டி மிக அதிகமாக இருப்பது வழக்கம். 36,800 டாலரை 12 சதவீத வட்டிக்குப் பத்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதம் 528 டாலர் வீதம், முடிவில் கட்டியிருப்பது 63,000 டாலருக்கும் மேல். கையில் பணம் இல்லாமல் விடுமுறைக்கு வட்டி கட்டுவது எந்த வழியில் வாங்கினாலும் நல்ல யோசனை அல்ல.

இரண்டு வழியிலும் மாறாத ஒன்று பராமரிப்புக் கட்டணம். பாயின்ட்டுக்கு 9 டாலர் என்றால் 160 பாயின்ட்டுக்கு ஆண்டுக்கு 1,440 டாலர். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் அது ஏறும். மேலே போட்ட கணக்கில் வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கைவிட இது பெரிது என்பதைக் கவனியுங்கள். மறுவிற்பனைப் பட்டியலில் வீரோ பீச் மிக மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் அதன் பராமரிப்புக் கட்டணம் மிக அதிகமாக இருப்பதுதான்; கடற்கரையில் இருப்பதால் செலவு கூடுதல், முடிவு ஆண்டும் 2042. விலையை மட்டும் பார்த்து வாங்கியவர் ஆண்டுதோறும் அதை வேறு வழியில் கட்டிக்கொண்டிருப்பார்.

மறுவிற்பனையில் எது கைமாறாது

மலிவாக வாங்கியவர்கள் பின்னால் வருத்தப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; ஆகவே இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். டிஸ்னியில் இரண்டு தேதிகள் முக்கியம். 2016 ஏப்ரல் 4 முதல் மறுவிற்பனையில் வாங்கிய ஒப்பந்தங்களுக்கு உறுப்பினர்களுக்கான கூடுதல் சலுகைகள் கிடையாது: உணவக, கடைத் தள்ளுபடி, சிறப்பு நிகழ்வுகள், பாயின்ட்டைக் கொண்டு கப்பல் பயணம் போன்றவற்றைப் பதிவு செய்யும் வசதி ஆகியவை அதில் அடங்கும். அவற்றைப் பெற நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு சில ஆண்டுகளுக்குள் 75, 100, 150 பாயின்ட் என்று ஏறியது. இரண்டாவது தேதி 2019 ஜனவரி 19. அந்த நாள் முதல் பழைய 14 ரிசார்ட்டுகளில் எதை மறுவிற்பனையில் வாங்கினாலும், அந்தப் பாயின்ட்டைக் கொண்டு ரிவியேராவிலோ அதன் பின் தனித் திட்டங்களாக வந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களிலோ ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களிலோ அறை எடுக்க முடியாது. ரிவியேராவையே மறுவிற்பனையில் வாங்கினால் இன்னும் இறுக்கம்: அந்தப் பாயின்ட் ரிவியேராவுக்கு மட்டுமே செல்லும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. பழைய 14-இல் ஒன்று போதும், தள்ளுபடிகள் பெரிதில்லை என்பவருக்கு மறுவிற்பனைதான் சரி. புது ரிசார்ட் ஒன்றில்தான் தங்க வேண்டும், அதோடு மற்ற இடங்களுக்கும் போய்வர வேண்டும் என்பவர் நிறுவனத்திடம் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: நாளை அவர் விற்கும்போது அடுத்தவருக்கு அந்தக் கட்டுப்பாடுகளோடுதான் போகும், ஆகவே அவருக்குக் கிடைக்கும் விலை வாங்கிய விலையைவிட வெகுவாக இறங்கியிருக்கும். இரண்டையும் கலந்து செய்பவர்களும் உண்டு. சலுகைக்குத் தேவையான குறைந்தபட்சத்தை நேரடியாகவும் மீதியை மறுவிற்பனையிலும் வாங்குவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போகும் குடும்பத்துக்கு, சாப்பாட்டில் பத்து சதவீதம் மிச்சம் பிடிக்க இத்தனை ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மற்ற நிறுவனங்களிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். விண்டம், ஹில்டன் ஆகியவற்றில் மறுவிற்பனையில் வாங்கிய பாயின்ட் மேல்நிலை உறுப்பினர் தகுதிக்குக் கணக்கில் வராது. இவை நிறுவனம் நினைத்தால் மாற்றக்கூடிய விதிகள் என்பதால், விற்பனையாளர் வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டு, வாங்கும் மாதத்தில் நடப்பில் இருக்கும் எழுத்து ஆவணத்தைப் படியுங்கள். இன்றிருக்கும் சலுகை நாளை நீங்கலாம் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கும்.

மறுவிற்பனையில் வாங்கும் முறை

ரியல் எஸ்டேட் உரிமம் பெற்ற, டைம்ஷேர் மட்டுமே விற்கும் தரகரைப் பிடிப்பது எளிய வழி. தரகுக் கூலியை வழக்கமாக விற்பவர் தருவார். பட்டியலில் ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது விலைக்கு அடுத்து நிற்கும் சிறிய எண்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். உதாரணமாக, 160 பாயின்ட் ஒப்பந்தம், பயன்பாட்டு ஆண்டு (ஆண்டுப் பாயின்ட் வரவாகும் மாதம்) செப்டம்பர், இந்த ஆண்டுக்கு 0, அடுத்த ஆண்டுக்கு 12, அதற்கடுத்த ஆண்டுக்கு 160 என்று இருந்தால், விற்பவர் வரும் ஆண்டின் பாயின்ட்டையும் முன்கூட்டியே கடன் எடுத்துச் செலவழித்துவிட்டார் என்று பொருள். கறந்துவிட்டுச் சந்தைக்கு ஓட்டி வந்த மாடு அது. பாயின்ட் விலை சில டாலர் குறைவாக இருப்பதால் அது மலிவு ஆகிவிடாது. இரண்டு ஆண்டு உங்களுக்குப் பயணமில்லை. மாறாக, சென்ற ஆண்டின் 160-ஐயும் சேமித்து வைத்திருக்கும் ஒப்பந்தத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். நடப்பு ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் விலை பேசும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பாயின்ட் இல்லாத ஆண்டின் கட்டணத்தை வாங்குபவர் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

விலை நியாயமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இதைக் கேட்டபோது மாமனாருக்குத் தம் அலுவலகமே நினைவுக்கு வந்தது. டிஸ்னி வேர்ல்டிலுள்ள ரிசார்ட்டுகளின் பத்திரங்கள் புளோரிடாவின் ஆரஞ்ச் மாவட்டத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பத்திரத்தில் முத்திரை வரி எவ்வளவு கட்டப்பட்டது என்று குறிப்பிட்டிருக்கும். புளோரிடாவில் அந்த வரி 100 டாலருக்கு 70 சென்ட். ஆகவே முத்திரை வரி 123.20 டாலர் என்று கண்டால், 0.70-ஆல் வகுத்து நூறால் பெருக்க, கிரயத் தொகை 17,600 டாலர் என்று வந்துவிடும். பட்டியலில் இருப்பது கேட்கும் விலை. பதிவேட்டில் இருப்பது கொடுத்த விலை.

விலை படிந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் விற்பவர் கைக்குப் போகக் கூடாது. பத்திரப் பதிவை முடித்துத் தரும் நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேலை முடியும்வரை இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருக்கும் கணக்கில், இருக்க வேண்டும். அடுத்து, டிஸ்னிக்கு முந்து கொள்முதல் உரிமை இருக்கிறது: நீங்கள் பேசிய அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய அதற்கு 30 நாள் வரை அவகாசம் உண்டு. எடுத்துக்கொண்டால் முன்பணம் திரும்பி வரும், காத்திருந்த நாட்கள் மட்டும் வீண். விலையை அடிமட்டத்துக்கு இறக்கிப் பேசினால் இந்த ஆபத்து கூடும். நிறுவனம் விட்டுக்கொடுத்த பிறகு, மீதமுள்ள பாயின்ட், நிலுவைக் கட்டணம், கடன் ஆகியவற்றை உறுதிப்படுத்தும் எஸ்டாப்பல் சான்று வரும். நம் ஊர் வில்லங்கச் சான்று செய்யும் வேலையில் ஒரு பகுதியை இது செய்கிறது. பத்திரத்தின் வழிவழி உரிமையைப் பதிவு நிறுவனம் தனியே சரிபார்க்க வேண்டும். சான்றிலுள்ள பாயின்ட் எண்ணிக்கை பட்டியலில் இருந்ததோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள், தரகரிடம் விட்டுவிடாதீர்கள். பிறகு மீதித் தொகை, சில நூறு டாலர் பதிவுச் செலவு, பத்திரப் பதிவு, உங்கள் பெயரில் உறுப்பினர் கணக்கு என்று முடிய மொத்தம் இரண்டு மாதமாவது ஆகும். வரும் கோடைக்கே அறை வேண்டும் என்பவருக்கு இந்தத் தாமதம் ஒத்துவராது.

ஒரு டாலருக்கு டைம்ஷேர் என்று ஏலத் தளங்களில் வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். கட்டணச் சுமையிலிருந்து தப்பிக்க நினைப்பவர் அதை உங்கள் தோளுக்கு மாற்றுகிறார். கட்டடம் பழையதாகி, கூரை மாற்றுவதற்கோ புயல் சேதத்துக்கோ சிறப்புக் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். பரிமாற்றத்துக்காக மட்டும், அதாவது தம் பங்கைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் தங்குவதற்காக மட்டும், எங்கோ மலிவாக வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 1974 முதல் இயங்கும் ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்களின் உறுப்பினர் கட்டணமும் பரிமாற்றக் கட்டணமும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

கையெழுத்திட்டுவிட்டால்

விற்பனைக் கூடத்தில் மனம் இளகிக் கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால், ஒப்பந்தத்தை இன்றிரவே எடுத்து ரத்து செய்யும் பகுதியைப் படியுங்கள். புளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள் அல்லது தர வேண்டிய ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. கலிபோர்னியாவில் 7 நாள், நெவாடாவில் 5 நாள். கணக்கில் வருவது நீங்கள் குடியிருக்கும் மாநிலம் அல்ல. எந்தச் சட்டம் பொருந்தும், எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். தொலைபேசியில் சொல்லி முடிக்கப் பார்க்காதீர்கள். ஒப்பந்த எண், பெயர்கள், தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒற்றை வாக்கியம், வாங்கிய அனைவரின் கையெழுத்து ஆகியவற்றோடு கடிதம் எழுதி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முகவரிக்கே சான்றஞ்சலில் அனுப்பி, அஞ்சல் முத்திரையிட்ட ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரத்து செய்துவிட்டு அதே ரிசார்ட்டை மறுவிற்பனையில் வாங்கியவர்கள் ஏராளம்.

அந்த நாட்கள் கடந்துவிட்டால் வெளியேறுவது கடினம். அப்போது வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. உங்கள் டைம்ஷேரை நல்ல விலைக்கு வாங்க ஆள் தயாராக இருக்கிறது, வரியையும் கட்டணத்தையும் மட்டும் முன்னதாக அனுப்புங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி. மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்கள் இப்படி உரிமையாளர்களை ஏமாற்றிப் பணம் பறிப்பதாக 2024 ஜூலையில் அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. உரிமம் பெற்ற தரகர் விற்ற பிறகுதான் கூலி வாங்குவார்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தாலும் பராமரிப்புக் கட்டணம் உங்களைப் பின்தொடரும். அங்கிருந்து விற்கும்போது, வெளிநாட்டவர் சொத்து விற்பனைக்கான வரிப்பிடித்தம் பற்றிய கேள்வியும் எழும். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. இந்தியாவிலுள்ள பெற்றோரிடம் இருக்கும் உறுப்பினர் அட்டையை வைத்து இதை அளக்கவும் வேண்டாம். 1986-இல் சென்னையில் தோன்றிக் கொடைக்கானலில் முதல் ரிசார்ட்டைத் திறந்த ஸ்டெர்லிங்கும், பின்னர் வந்த கிளப் மஹிந்திராவும் இப்போது விற்பது இத்தனை ஆண்டுக்கு விடுமுறை என்னும் உறுப்பினர் உரிமையை. அங்கே மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பது பதிவேட்டின் வேலை அல்ல, நிறுவனத்தின் விதிப்படி நடப்பது. அதற்கு இது போன்ற விரிந்த மறுவிற்பனைச் சந்தையும் இல்லை.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு மட்டும் வேறொரு உறுப்பினரின் பாயின்ட்டை வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள். இடையீட்டு நிறுவனங்கள் வழியாகப் பாயின்ட் 20 டாலரையொட்டிக் கிடைக்கிறது. அந்த விலையில் 160 பாயின்ட்டுக்கு 3,200 டாலர். உறுப்பினர் தம் கணக்கில் உங்கள் பெயருக்கு அறையைப் பதிவு செய்து தருவார். பதிவு எண்ணை வாங்கி நீங்களே சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அந்த ஒரு வாரத்தில், அறையில் சமையலறை இருந்தும் எத்தனை வேளை சமைத்தீர்கள், தள்ளுபடி அட்டை இருந்திருந்தால் எத்தனை டாலர் மிஞ்சியிருக்கும், அடுத்த ஆண்டும் இதே இடத்துக்கு வரப் பிள்ளைகள் கேட்கிறார்களா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக் கூடத்தில் தலைகீழாக எழுதப்படும் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது உதவும்.